முகக்கவசத் தளர்வு: மாணவர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று அறிவித்த கொரோனா அவசரநிலையை 2023 மே 5 அன்று விலக்கிக்கொண்டதைத் தொடர்ந்து, நம் கல்லூரியிலும் வகுப்பறை, நூலகம், உணவுக்கூடம் ஆகியவற்றில் முகக்கவசம் அணிவது இனி கட்டாயமில்லை. காய்ச்சலோ தொண்டை வலியோ இருப்பவர்கள் மட்டும் வகுப்புக்கு வராமல் அறையிலேயே ஓய்வெடுத்து, விடுதிக் காப்பாளருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். அதற்காக வருகைப்பதிவு குறைக்கப்படாது. இக்கிருமி காற்றில் பரவக்கூடியது என்பதால், வகுப்பறைச் சன்னல்களைத் திறந்தே வையுங்கள். நூலக மேசைகளில் இடைவெளிக்காக ஒட்டியிருந்த மஞ்சள் நாடாக்கள் நேற்று உரிக்கப்பட்டு, நான்கு பேர் மேசையில் மீண்டும் நான்கு பேர் அமர்ந்து படித்ததைப் பார்க்கையில் மனம் நிறைந்தது. நுரையீரல் நோயுள்ள நண்பர்கள் சிலர் தொடர்ந்து முகக்கவசம் அணிவார்கள். அவர்களிடம் காரணம் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.