மரத்தடிக் கன்று வேண்டாம், பார்வதி

அன்புள்ள பார்வதி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு முட்டி வலி குறைந்ததும், பேத்தி இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனதும் அறிந்து மகிழ்ச்சி. இங்கே பெஸ்தாரி ஜெயாவில் மழை விட்டபாடில்லை. மற்றபடி நாங்கள் எல்லோரும் நலம்.

நிலத்தில் கிழட்டுச் செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்யப் போவதாக எழுதியிருந்தாய். கன்றுக்கு எதற்குக் காசு, மரத்தடியில் உதிரிப் பழம் தானாக முளைத்துக் கிடக்கிறது, அதையே பையில் வைத்து வளர்த்துவிடலாம் என்று அண்ணன் சொல்கிறாராமே. தயவுசெய்து வேண்டாம் என்று சொல். ஏன் வேண்டாம் என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன், அவருக்கும் படித்துக் காட்டு.

செம்பனைப் பழத்தைக் குறுக்கே வெட்டினால் சில மரத்துப் பழத்தில் ஓடு தடித்து, சதை குறைவாக இருக்கும். அது டூரா. இன்னொரு வகையில் ஓடே இருக்காது. அதற்குப் பெயர் பிசிபெரா. ஆனால் அதன் குலைகள் பெரும்பாலும் பழுக்காமல் அழுகிவிடும். இந்த இரண்டையும் கலந்தால் பிறப்பது டெனெரா: மெல்லிய ஓடு, நிறையச் சதை. நாம் சமைக்கும் செம்பனை எண்ணெய் அந்தச் சதையில்தான் இருக்கிறது. அதனால் டூராவைவிட டெனெரா ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதலாக எண்ணெய் தரும். தோட்டங்களில் இப்போது நடுவதெல்லாம் டெனெராதான்.

இந்த ஓட்டைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு என்று காங்கோவில் வேலை செய்த பெல்ஜிய ஆய்வாளர்கள் 1941லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் அது எந்த மரபணு என்று தெரிய 2013 வரை ஆனது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியமும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். செம்பனையின் மரபுத்தொகுதி, அதாவது அதன் மரபணுச் செய்தி முழுவதையும் அந்த ஆண்டுதான் வெளியிட்டார்கள். சுமார் 180 கோடி டிஎன்ஏ எழுத்துகள், ஏறக்குறைய 35,000 மரபணுக்கள். அந்தக் குவியலிலிருந்து ஓட்டுக்குரிய ஒன்றைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் நம் நாட்டு விஞ்ஞானி ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. அந்தப் பெயரைப் படித்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனையை நட்ட தென்னமரம் தோட்டம் நம் ஊருக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. இந்த மரத்தை நட்டு வெட்டிய கைகளில் நம் ஆட்களின் கைகள் எத்தனை!

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மரத்திலும் அந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது, ஒன்று தாய் வழி, ஒன்று தந்தை வழி. இரண்டும் நல்லபடி இருந்தால் தடித்த ஓடு. இரண்டும் பழுதானால் ஓடு இல்லை. ஒன்று நல்லது, ஒன்று பழுது என்றால்தான் நமக்கு வேண்டிய டெனெரா. உங்கள் நிலத்து மரங்கள் டெனெராவாக இருந்து, அவை தங்களுக்குள் மகரந்தம் மாற்றிக்கொண்டு விட்ட விதையை நட்டால், நாலில் ஒன்று டூராவாகும், நாலில் ஒன்று பிசிபெராவாகும். பாதிதான் தேறும். அது தெரிய, மரம் காய்க்கும் வரை சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். செம்பனையை நட்டால் இருபத்தைந்து ஆண்டு கணக்கு. இடையில் பிடுங்கவும் மனம் வராது.

காசு கொடுத்து வாங்கும் கன்றிலும் கலப்பு வரலாம். காரணம் நம் அம்மாக்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை, மகரந்தம் தூவுவது. மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து பெண் பூக்குலையில் ஊதி ஊதி அவர்கள் இடுப்பு ஒடிந்ததை மறக்க முடியுமா? ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் ஆப்பிரிக்காவின் கேமரூனில் ஆராய்ந்து, அங்கே அந்த வேலையைச் சின்ன வண்டுகளே செய்வதைக் கண்டார். 1981இல் அவற்றை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அதோடு கையால் தூவும் வேலை முடிந்தது. என் அம்மா கூலி போனதற்கு வருந்தினாலும், பழம் பிடிப்பதைப் பார்த்து வியந்தாள். ஆனால் டூரா மரத்தில் பிசிபெரா மகரந்தம் தூவி டெனெரா விதை எடுப்பதற்காக உறைபோட்டு மூடிய பூவில்கூட எங்கேயோ ஒரு சந்து இருந்தால் வண்டு நுழைந்து வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். பிறகு டூரா கலந்துவிடும், கன்றைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

இங்கேதான் 2013 கண்டுபிடிப்பு சிறுதோட்டக்காரருக்கு உதவுகிறது. நாற்றங்காலிலேயே ஒரு துண்டு இலையைக் கிள்ளிச் சோதித்தால் போதும், டூராவா டெனெராவா என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் இன்னும் இரண்டு செய்தி. 2014இல் பழத்தின் நிறத்துக்குரிய மரபணுவைக் கண்டார்கள். நம் தோட்டத்தில் காய் கறுப்பாக இருந்து பழுத்தால் கருஞ்சிவப்பாகும், உயரத்திலிருப்பதைக் கீழிருந்து கணிப்பது கஷ்டம். அப்பா கீழே விழுந்த உதிரிப் பழத்தைப் பார்த்துத்தான் குலையை வெட்டுவார். பச்சையாயிருந்து ஆரஞ்சாக மாறும் வகையை இனி எளிதாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கலாம். 2015இல் திசு வளர்ப்புக் கன்றுகளில், அதாவது மரத்தின் சிறு துண்டிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தவற்றில், சில ஏன் உருக்குலைந்த பழம் தருகின்றன என்பதற்கு விடை கிடைத்தது. அதற்குரிய மரபணுவில் எழுத்து ஒன்றும் மாறவில்லை, ஆனால் அந்த மரபணுவின் உள்ளே கர்மா என்று பெயரிட்ட ஒரு துண்டின் மேலிருந்த வேதி அடையாளம் மட்டும் விழுந்துவிடுகிறது. பூட்டு கழன்ற அறைபோல அது திறந்துகொள்ள, மரபணு தாறுமாறாக வாசிக்கப்படுகிறது.

இதையெல்லாம் நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. அதே ஐந்து ஏக்கரில் கூடுதல் எண்ணெய் எடுக்க முடிந்தால் புதிதாகக் காட்டை அழிக்கும் நெருக்கடி குறையும். உங்களைப் போன்ற சின்ன நிலக்காரர்களுக்கும் வயிறு நிறையும்.

ஆகவே அண்ணனிடம் சொல். செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் பெற்ற நாற்றங்காலில் மட்டும் வாங்க வேண்டும். இலைச் சோதனை செய்த கன்றா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். விலை கூடுதலாகச் சொன்னாலும் தயங்காதீர்கள். மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒருவர் தெலுக் இந்தானில் கன்று வாங்கியிருக்கிறார், அவர் எண்ணைக் கேட்டு அனுப்புகிறேன். தைப்பூசத்துக்குப் பத்துமலை வருவதானால் முன்கூட்டியே எழுது, இங்கே நம் வீட்டில் தங்கிப் பசியாறிவிட்டுச் சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
சாந்தா