ஆய்வுக்குழுவினரின் பணத் தொடர்புகளை வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அரசுக் கல்லூரி இயற்பியல் பேராசிரியர், மதுரை.

பெறுநர்:
செயலாளர் அவர்கள், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: கல்லூரி ஆய்வுக்குழு உறுப்பினர்கள் தனியார் கல்லூரிகளோடு தங்களுக்குள்ள பணத் தொடர்பை எழுத்தில் அறிவிக்க ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

தனியார் கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு தரலாமா என்று பார்க்கப் போகும் குழுவில் இருப்பவர்கள் எங்களைப் போன்ற பேராசிரியர்கள்தான். அவர்களில் ஒருவர் அதே நிர்வாகத்துக்கு ஆலோசகராக இருக்கலாம். மகனோ மருமகளோ அங்கே வேலை பார்க்கலாம். ஓய்வுபெற்ற கையோடு அங்கேயே முதல்வராகப் போய் உட்காரலாம். இதெல்லாம் குற்றம் என்று சொல்ல வரவில்லை. வெளியே யாருக்கும் தெரிவதில்லை என்பதுதான் என் குறை.

நானும் சில குழுக்களில் போயிருக்கிறேன். கல்லூரி அனுப்பிய கார், கல்லூரி போட்ட அறை, கல்லூரிச் சாப்பாடு; கிளம்பும்போது சால்வை, பழக்கூடை, சில இடங்களில் கூடவே ஒரு கவர். நான் நிரப்பிய படிவங்களில் ஆய்வகத்தின் சதுர அடி முதல் நூலகப் புத்தக எண்ணிக்கை வரை எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. இந்த நிர்வாகத்தோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை.

2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கத்தின் புகாரால், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் காட்டப்பட்டது வெளியே வந்தது. ஆய்வுக்குப் போனவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று மக்கள் கேட்க மாட்டார்களா? 2025 பிப்ரவரியில், குண்டூர் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு உயர்தரம் தர லஞ்சம் வாங்கியதாக, உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் வழங்கும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) ஆய்வுக்குழுத் தலைவரையே சிபிஐ கைது செய்தது.

முன்மாதிரி இல்லாமல் கேட்கவில்லை. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019-ன்படி ஆணைய உறுப்பினர்கள் சொத்து விவரத்தோடு தங்கள் தொழில், வணிகத் தொடர்புகளையும் அறிவிக்க வேண்டும்; அது ஆணையத்தின் இணையதளத்தில் வெளியாக வேண்டும். ஆணையத்துக்கு ஒரு நியாயம், ஆய்வுக்குழுவுக்கு வேறு நியாயமா?

எனவே, ஆய்வுக்குப் புறப்படும் முன் ஒவ்வொரு உறுப்பினரிடமும் ஒரு பக்க உறுதிமொழி வாங்க ஆணையிடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் தனியார் கல்லூரிகளிடம் பெற்ற ஊதியம், மதிப்பூதியம், அறக்கட்டளைப் பதவி, குடும்பத்தாரின் வேலை ஆகியவை அதில் இருந்தால் போதும். தொடர்பு இருந்தால் அந்தக் கல்லூரிக்கு அவர் போகக் கூடாது. உறுப்பினர்களின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் பல்கலைக்கழகமே ஏற்கட்டும். உறுதிமொழியை வாங்கிக் கோப்பில் போட்டுப் பூட்டினால் பயனில்லை. ஆய்வறிக்கையோடு சேர்த்துப் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்ற வேண்டும்.

அடுத்த கல்வியாண்டுக்கான ஆய்வுகள் தொடங்கும் முன் ஆணை பிறப்பித்து, எடுத்த நடவடிக்கையை எனக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(ஒப்பம்)