சுவருக்குள் இருக்கும் சட்டத்தைக் காட்டாத கருவி: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

சுங்கை சிப்புட், பேராக்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். ஸ்டட், அதாவது சுவர்ப் பலகையைத் தாங்க உள்ளே நிற்கும் சட்டம், எங்கே என்று கண்டுபிடிக்கும் உங்கள் மின்கருவியைப் போன மாதம் 89 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். அம்மாவின் சாமி மேடையைச் சுவரில் மாட்டத்தான். முன்பு இருந்த தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பலகைச் சுவர், ஆணி வரிசையைப் பார்த்தாலே கட்டை எங்கே என்று தெரிந்துவிடும். இப்போது இருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் நடுச்சுவரோ தகரச் சட்டத்தின் மேல் அடித்த பிளாஸ்டர் போர்டு.

கருவி சத்தம் போட்ட மூன்று இடங்களில் துளை போட்டோம். மூன்றும் வெறும் பொந்து. சுவரை ஒட்டுப்போடப் பெரிதாக வெட்டியபோதுதான் எனக்கு உயிரே போய்விட்டது. மூன்றாவது துளைக்கு இரண்டு விரல் தள்ளி மின்கம்பிக் குழாய் ஓடுகிறது. மின்சாரம் ஓடும் கம்பியைக் காட்டும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. துளை போட்டது என் மகன்.

பக்கத்து வீட்டுத் தச்சர் அண்ணன் ஒரு காந்தத்தைச் சுவரில் தடவினார். போர்டை முடுக்கிய ஸ்க்ரூ தலைகளில் அது ஒட்டிக்கொண்டது, மேலிருந்து கீழாக ஒரே வரிசையில். அடுத்த வரிசை சரியாக 2 அடி தள்ளி. கருவியோடு வந்த உங்கள் விளக்கத் தாளில் சட்டத்துக்குச் சட்டம் 16 அங்குலம் என்று மட்டும்தான் இருக்கிறது. அது அமெரிக்க வீடுகளில் வழக்கமான அளவு, அதை நம்பி அளந்ததும் தவறாகப் போனது. அப்புறம், இப்படிப்பட்ட கருவியை முதலில் சட்டம் இல்லாத இடத்தில் வைத்து அழுத்த வேண்டுமாம். சட்டத்தின் மேலேயே வைத்துத் தொடங்கினால் அதையே வெறும் சுவர் என்று எடுத்துக்கொள்ளும். இதையும் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், தாளில் ஒரு வரி இல்லை. சொன்னபடி வைத்துப் பார்த்தும் கம்பி விளக்கு எரியவில்லை.

கருவியின் விலை 89 வெள்ளியையும், சுவரை ஒட்டுப்போட்ட கூலி 60 வெள்ளியையும் 14 நாட்களுக்குள் கொடுத்துவிடுங்கள். ரசீதும் படங்களும் இணைத்துள்ளேன். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். அதற்குக் கட்டணம் 5 வெள்ளிதான்.

பணத்தைவிட முக்கியம், கம்பி விளக்கைச் சோதித்துப் பார்க்கும்வரை இந்தக் கருவியை வேறு யாருக்கும் விற்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்