பூட்டிய வார்டில் பெண்களும் இருக்கிறார்கள்

என் தங்கையை வைத்திருக்கும் குற்றவியல் மனநல மருத்துவமனையின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன மாதம் நடந்தது உங்களுக்குத் தெரியும். தலையைச் சுவரில் மோதிக்கொண்டவளை நான்கு ஆண் பணியாளர்கள் தரையில் கிடத்தி, கையையும் காலையும் அமுக்கிப் பிடித்து ஊசி போட்டார்கள். சின்ன வயதில் அவளுக்கு என்ன நடந்தது என்பது கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துவிட்டுமா இப்படிச் செய்தீர்கள்?

அன்றிலிருந்து அவள் கட்டிலில் படுப்பதே இல்லை. மூலையில், கதவைப் பார்த்தபடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே தூங்குகிறாள். விரிப்பு விரித்தது விரித்தபடியே கிடக்கிறது என்று ஒரு நர்ஸம்மா சொன்னார். பிடித்தபோது அவள் உதைத்தது மட்டும் 'பணியாளர் மீது தாக்குதல்' என்று பதிவாகி, விடுதலை பற்றிய பேச்சும் தள்ளிப்போய்விட்டது.

நான் கேட்பது இதுதான்: பெண்களுக்குத் தனி வார்டு வேண்டும், பிடித்தே ஆகவேண்டிய நேரத்திலும் பெண் பணியாளர்கள்தான் அவர்களைத் தொட வேண்டும்.

இந்த இடங்களில் ஆண்களே மிகப் பெரும்பான்மை. அவர்களிடம் மனச்சிதைவும் போதைப் பழக்கமும் சேர்ந்தே அதிகம் வருகின்றன. பெண்களிடம் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறும் (உணர்ச்சியும் உறவும் ஒரு நிலையில் நிற்காத நோய்), பழைய வன்கொடுமையின் வடுவும், தன்னையே காயப்படுத்திக்கொள்வதும் அதிகம். அவர்கள் தாக்கியது பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தில் ஒருவரைத்தான், சில நேரம் பெற்ற பிள்ளையையே. அந்தக் குற்ற உணர்வோடு கிடப்பவளுக்குக் கோபத்தை அடக்கும் வகுப்பு மட்டும் போதுமா? ஒருவர் மறுபடி வன்முறையில் இறங்குவாரா என்று கணிக்க நீங்கள் நிரப்பும் எச்சிஆர்-20 மதிப்பீடு பெரும்பாலும் ஆண்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அது போதாது என்றுதான் நெதர்லாந்தில் பெண்களுக்காக ஃபேம் என்ற துணைக் கையேட்டையே எழுதினார்கள். 2010-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகளும், காவலில் உள்ள பெண்களின் மனநலச் சிகிச்சை அவர்கள் பட்ட வன்கொடுமையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கின்றன.

'பெண்கள் எண்ணிக்கை குறைவு, கட்டுப்படியாகாது' என்று பதில் அனுப்பினீர்கள். குறைவாக இருப்பது அவர்கள் செய்த தப்பா? குறைவு என்பதால்தான் வீட்டிலிருந்து எங்கோ தூரத்தில், தேவைக்கு மீறிய காவலில் கிடக்கிறார்கள். குற்றம் நடப்பதற்கு முன் இவளைக் கூட்டிக்கொண்டு எத்தனை மருத்துவமனை ஏறி இறங்கினோம்! அப்போதெல்லாம் படுக்கை இல்லை. ஒரு உயிருக்குக் காயம் ஆன பிறகுதான் படுக்கை கிடைத்தது.

சரி, அந்தக் கோபத்தை எல்லாம் உங்கள் மேல் கொட்டக் கூடாது, மன்னியுங்கள். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். தனி வார்டுக்கு நாளாகும் என்றால் பெண் பணியாளர்களையாவது இரவு ஷிப்டுக்கு இப்போதே போடுங்கள், அந்தத் 'தாக்குதல்' பதிவை அவளுடைய பழைய வரலாற்றோடு சேர்த்து மறுபரிசீலனை செய்யுங்கள். அப்புறம், இன்று இரவு முதலே, அவள் அறைக்கதவைத் தட்டி, யார் வந்திருப்பது என்று பெயரைச் சொல்லிவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா