சுங்கை சிப்புட் நிரலாளர் பட்டறைகளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கோலாலம்பூரில் நடந்த பைத்தான் என்னும் நிரல்மொழிக்கான மாநாட்டை ஒட்டி, அதற்கு முந்தைய வாரக் கடைசியிலும் பிந்தைய வாரக் கடைசியிலும் நம்மூரில் நடத்திய நிரலாளர் பட்டறைகள் நல்லபடியாக முடிந்தன. இடம் கொடுத்தவர்கள், சமைத்தவர்கள், ஊர் விட்டு ஊர் வந்து சொல்லிக்கொடுத்தவர்கள், லேப்டாப் இரவல் தந்தவர்கள் என்று பலருடைய உழைப்பு இதில் இருக்கிறது. யார் என்ன செய்தார்கள் என்பது ஊருக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறோம். பெயரைப் போடவேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குப் புரியும்.

மாநாடுதான் இருக்கிறதே, தனியாகப் பட்டறை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். மாநாட்டு உரையைக் கேட்டால் விஷயம் தெரியும், கை பழகாது. பெரிய மாநாடுகளில் உரைகளுக்கு முன்னால் பயிற்சி வகுப்புகளும், உரைகள் முடிந்தபின் எல்லாரும் கூடி உட்கார்ந்து திறமூல மென்பொருள்களில் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்டவை) வேலை செய்யும் நாட்களும் வைப்பது அதனால்தான். உலகெங்கும் பெண்களுக்கு இலவசமாக நடக்கும் ஜாங்கோ கேர்ள்ஸ் என்ற நிரல் பட்டறைகூட 2014இல் பெர்லினில் நடந்த யூரோபைத்தான் மாநாட்டை ஒட்டித் தொடங்கியதுதான். ஆனால் பல இடங்களில் பயிற்சி வகுப்புக்குத் தனிக் கட்டணம். அதற்கு மேல் கோலாலம்பூரில் தங்கும் செலவு, போக்குவரத்து, வேலைக்கு லீவு. படிப்பை முடித்துவிட்டு ஊரிலேயே இருந்து கடைகளுக்கும் சிறு கம்பெனிகளுக்கும் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நம் பிள்ளைகளுக்கு இது கட்டுப்படியாகாது. சரி, பட்டறையையே இங்கே கொண்டுவந்துவிடுவோம் என்று கேட்டபோது மறுபேச்சு இல்லாமல் சரி என்றவர்கள் மாநாட்டுக் குழுவினர். முதல் நன்றி அவர்களுக்கு.

அடுத்து, வழிகாட்டிகளாக வந்தவர்கள். கோலாலம்பூரிலிருந்து ரயிலேறி வந்தவர்கள், பினாங்கிலிருந்து விடியற்காலையில் காரோட்டி வந்தவர்கள், ஈப்போவில் வேலை முடித்து இரவே வந்து நாற்காலி அடுக்கியவர்கள் எல்லாரும் இதில் அடக்கம். யாரும் ஒரு காசு வாங்கவில்லை. பெட்ரோல் காசைக்கூட வாங்க மறுத்துவிட்டார்கள். இவர்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்: கற்றுக்கொள்பவரின் விசைப்பலகையைத் தொடவே கூடாது. கேட்பதற்குச் சின்ன விஷயம் போல இருக்கும். பக்கத்தில் ஒருவர் தப்பான இடத்தில் அடைப்புக்குறி போட்டுவிட்டுத் திணறும்போது கையைக் கட்டிக்கொண்டு, "மறுபடி அந்தப் பிழைச் செய்தியைப் படித்துப் பாருங்கள், எந்த வரி என்று சொல்கிறது?" என்று கேட்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு வாரக் கடைசியிலும் ஒரு வழிகாட்டிகூட இந்தக் கட்டுப்பாட்டை மீறவில்லை.

அதில் ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்ல ஆசை. நம் ஊர்ப் பெண் ஒருவர் மளிகைக்கடைக்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் 'கொத்தமல்லி' என்று தேடினால் பாதிச் சரக்குதான் வரும். மீதி பட்டியலில் கண்ணுக்கு எதிரே இருந்தும் தேடலில் சிக்காது. பல மாதமாக இதே தலைவலி. பினாங்கிலிருந்து வந்த சீனத் தம்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இருவரும் மலாயில்தான் பேசிக்கொண்டார்கள். இரண்டு கொத்தமல்லியின் நீளத்தையும் அச்சிட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்றுக்குப் பத்து, இன்னொன்றுக்குப் பதினொன்று. அப்புறம் ஒவ்வொரு குறியெண்ணாக, அதாவது எழுத்தையும் குறியையும் கணினி சேமித்துவைக்கும் எண்ணாக, அச்சிடச் சொன்னார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒன்றில் 'கொ'வின் ஒகரக்குறி ஒரே குறியெண்ணாக இருந்தது. பழைய எக்செல் கோப்பிலிருந்து வந்த மற்றதில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியெண்களாக இருந்தன. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான், கணினிக்கு மட்டும் இரண்டு வேறு சொற்கள். எழுத்துகளுக்கு இந்த எண்களை வகுத்திருக்கும் யூனிகோடு முறையில் இரண்டு வடிவமும் செல்லும் என்பதால், ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும்.

அந்த வரியைத் தம்பி உடனே சொல்லிவிடவில்லை என்பதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. முதலில் இரண்டு கொத்தமல்லியும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும் ஒரு சோதனை நிரல் எழுதச் சொன்னார். அதை ஓட்டி, சிவப்பில் தோற்பதைப் பார்க்கச் சொன்னார். பிறகு தேடவிட்டார். அந்தப் பெண்ணே ஆவணத்தைப் புரட்டி அந்த வரியைக் கண்டுபிடித்துப் போட்டு, சோதனை பச்சையானதும் விட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. அதோடு நிற்கவில்லை. கோதுமை, சோம்பு, மொச்சை, கொண்டைக்கடலை என்று கொம்பும் காலும் சேர்ந்துவரும் சரக்கையெல்லாம் அன்று மாலைக்குள் சரிபார்த்துவிட்டார். கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு அஞ்சல் மென்பொருள் பிறந்த நாடு இது. 2001இலும் 2013இலும் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் இங்கேதான். அந்த வரிசையில் நம்மூர் மளிகைக்கடைப் பட்டியலுக்கும் ஓர் இடம் உண்டு என்று மனதாரச் சொல்வோம். அந்தத் தம்பிக்கு எங்கள் தனி நன்றி.

கையைத் தூக்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்காக ஒட்டுத்தாள் வைத்திருந்தோம். லேப்டாப் மூடியில் பச்சை ஒட்டினால் வேலை முடிந்தது, சிவப்பு ஒட்டினால் உதவி வேண்டும். ஆய்வாளர்களுக்கு நிரல் சொல்லிக்கொடுக்கும் சாப்ட்வேர் கார்பென்ட்ரி பட்டறைகளில் நெடுநாளாக உள்ள வழக்கம் இது. கட்டுக்கட்டாக ஒட்டுத்தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு பில் போட மறுத்த புத்தகக்கடை அண்ணனுக்கு நன்றி. வைஃபை இழுக்காது என்று முன்கூட்டியே யோசித்து, தேவையான மென்பொருள் பொதிகள் அத்தனையையும் பென்டிரைவ்களில் ஏற்றிக்கொண்டு வந்த ஈப்போ நண்பர்களுக்கும் நன்றி. அது இல்லாவிட்டால் முதல் நாள் காலை முழுக்கப் பதிவிறக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மண்டபத்தை வாடகையில்லாமல் விட்ட ஆலய நிர்வாகத்தினருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கல்யாண முகூர்த்த வாரத்தில் அந்த மண்டபத்துக்கு என்ன வாடகை வரும் என்பது ஊரறிந்த விஷயம். அத்தனை லேப்டாப்பையும் ஒரே பக்கத்தில் செருகினால் கட்டை விழுந்து மின்சாரம் நின்றுவிடும் என்று சொல்லி, முதல் நாள் இரவே வந்து வயரைப் பிரித்து இழுத்துக்கொடுத்த வயர்மேன் அண்ணன், பட்டறை முடியும்வரை கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்றார்.

சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் பிள்ளைகள் எங்களைச் சும்மா விடமாட்டார்கள். பசியாறலுக்கு இட்லியும் சம்பல் வைத்த நாசி லெமாக்கும், மதியத்துக்குச் சைவச் சாப்பாடு, மாலையில் கறிபாப்பு. சமைத்த அம்மாக்களில் பாதிப்பேர் காலையில் செம்பனைத் தோட்டத்து வேலைக்கும் போய்விட்டு வந்தவர்கள். வந்திருந்த முஸ்லிம் நண்பர்களுக்குத் தொழுகைக்கு இடம் ஒதுக்கி, அவர்களுக்கென்று ஹலால் கடையிலிருந்து தனிப் பொட்டலமும் வாங்கி வைத்தார்கள். இதை யாரும் எங்களைக் கேட்டுச் செய்யவில்லை.

ரயில் நிலையத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே ஓய்வில்லாமல் ஓடிய பள்ளி வேன் ஓட்டுநருக்கு நன்றி. லிந்தாங் பக்கத்துப் பிள்ளைகளை வீட்டு வாசலிலேயே ஏற்றி, இருட்டியபிறகு வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார். பெண் பிள்ளைகளைப் பெற்றோர்கள் தயங்காமல் அனுப்பியது அவரை நம்பித்தான்.

இன்னொரு பெரியவர். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். இரண்டாம் வாரம் மண்டபத்துக்கு வந்து, ஐம்பது வெள்ளியை (ரிங்கிட்) உறையில் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகள் எழுதுவது என்னவென்று விசாரித்தார். விளக்கியதை நின்று கேட்டார். தோட்டங்கள் துண்டுதுண்டாகப் பிரித்து விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதாமாதம் பணம் கட்டியவராம். சம்பந்தன் பிறந்த ஊரில் அந்தத் தலைமுறைக்குக் கொடுத்துப் பழக்கம். ஐயாவின் பணத்தில் அடுத்த பட்டறைக்கான பென்டிரைவ்கள் வாங்கியாகிவிட்டது.

கருத்துத் தாளில் ஒளிவுமறைவில்லாமல் எழுதிய பங்கேற்பாளர்களுக்கும் நன்றி. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவிக்கான வகுப்பு மதியத்துக்குமேல் வேகமாகப் போனது, மலாயிலும் குறிப்பு இருந்தால் சக ஊழியர்களுக்குக் கொடுக்கலாம் என்ற இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டோம். மலாய்க் குறிப்பு எழுத இரண்டு பேர் ஏற்கெனவே முன்வந்திருக்கிறார்கள். தமிழ்க் குறிப்பைத் திருத்திக் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியையும் மறுபடி உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஒரு விஷயம். மண்டபத்தில் ஒரு நீலநிற எவர்சில்வர் மூடிப் பாத்திரம், இரண்டு லேப்டாப் சார்ஜர், ஒரு குடை ஆகியவை மிச்சமிருக்கின்றன. ஆலய அலுவலகத்தில் மாலைப் பூஜை நேரத்தில் வந்து பெற்றுக்கொள்ளலாம். பட்டறைப் பாடங்கள் அடங்கிய பென்டிரைவும் அங்கேயே இருக்கிறது. வரமுடியாமல் போனவர்கள் லேப்டாப்பைக் கொண்டுவந்து பதிந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
பட்டறை ஏற்பாட்டுக் குழுவினர்,
சுங்கை சிப்புட், பேராக்