காற்றுத் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குக் கிளம்பும் டெக்சாஸ் தமிழ் நண்பர்களுக்கு

வணக்கம். நவம்பர் பிறந்தால் மான் சீசன். நம்மவர்கள் நிறையப் பேர் இந்தத் தடவை பெரிய குழல் காற்றுத் துப்பாக்கி வாங்கியிருக்கிறீர்கள். எனக்கும் மனதுக்குப் பிடித்த ஆயுதம் அது, பிடித்ததால்தான் எழுதுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: 50 கஜத்துக்கு அப்பால் நிற்கும் மானை அதை வைத்துச் சுடாதீர்கள்.

சட்டத்தில் அப்படி எதுவும் இல்லையே என்பீர்கள். சரிதான், இல்லை. 2018-இல் டெக்சாஸ் பூங்கா, வனவிலங்குத் துறை இதை அனுமதித்தபோது, காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் வகையாக இருக்க வேண்டும், குழலின் உள்விட்டம் .30 காலிபருக்கு (0.30 அங்குலம்) குறையக் கூடாது, 150 கிரெய்ன் (ஏறக்குறைய 10 கிராம்) குண்டு நொடிக்கு 800 அடி வேகத்திலாவது போக வேண்டும் அல்லது 215 அடி-பவுண்டு (குண்டின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலாவது வேண்டும் என்று விதி வைத்தது. இந்த அளவெல்லாம் குண்டு குழலை விட்டு வெளியே வரும் இடத்தில் எடுப்பவை. மான் நிற்கும் இடத்தில் என்ன மிஞ்சும் என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

வெடிமருந்தில் சுடும் .308 ரைஃபிளுக்கு 2,600 அடி-பவுண்டு வரை உண்டு. நம்ம ஃபோர்ட் வொர்த்திலேயே செய்கிற ஏர்ஃபோர்ஸ் டெக்சன் .457 காற்றுத் துப்பாக்கிக்குக் கிட்டத்தட்ட 500. ரைஃபிள் குண்டு உள்ளே போய் மலர்ந்து, போகிற வழியை எல்லாம் சிதைத்துவிடும். நம்முடைய ஈயக் குண்டு மெதுவாகப் போய் ஒரு துளை போடும், அவ்வளவுதான். அந்தத் துளை இரண்டு நுரையீரலிலும் விழுந்தால் போதும், மான் கொஞ்ச தூரம் ஓடிச் சாய்ந்துவிடும், அம்பு வேலை செய்வதும் இப்படித்தான். இரண்டில் ஒன்று தப்பினாலோ, முன்தோள் எலும்பில் பட்டாலோ கதையே வேறு. அதனால் பக்கவாட்டில் நிற்கும் மானைத் தவிர வேறு எதையும் குறி வைக்க வேண்டாம்.

இப்போது தூரத்துக்கு வருகிறேன். நொடிக்கு 900 அடி வேகத்தில் கிளம்பும் குண்டுக்கு 50 கஜத்தில் சரியாகப் படும்படி குறி பொருத்தினால், 100 கஜத்தில் அது ஏறக்குறைய 10 அங்குலம் தாழ்ந்து போகும். மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியே ஏறக்குறைய 8 அங்குல அகலம்தான். ஸ்கோப்பில் அதைக் கணக்குப் போட்டுச் சரிக்கட்டலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தாழ்வைச் சரிக்கட்டலாம், மானை அப்படியே நில் என்று சொல்ல முடியுமா? 100 கஜம் போய்ச் சேர மூன்றில் ஒரு நொடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் அது ஒரு எட்டு எடுத்து வைத்தால் நுரையீரலில் பட வேண்டியது குடலில் படும்.

குடலில் பட்டதைத் தேடிப் போயிருக்கிறீர்களா? லானோ பக்கம் வேட்டைக்கென்று வாடகைக்கு எடுத்த ஒரு நிலத்தில் நண்பர் ஒருவர் தூரத்தில் சுட்ட மானைத் தேட நானும் போனேன். நுரையீரல் ரத்தம் என்றால் பளிச்சென்ற சிவப்பில் நுரைத்திருக்கும். அன்றைக்குச் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடந்தது கருஞ்சிவப்பு, அதில் பச்சையாக மென்ற தழை கலந்து, குனிந்தால் நாற்றம். இப்படிப்பட்டதை உடனே துரத்தக் கூடாது, ஆறேழு மணி நேரம் விட்டுவிட வேண்டும், துரத்தினால் எழுந்து இன்னும் தூரம் போய்விடும். ஆனால் டெக்சாஸ் நவம்பர் வெயிலில் அத்தனை நேரம் விட்டால் கறி கெட்டுப்போகும். உண்ணக்கூடிய கறியை வீணாக்குவது இங்கே குற்றம், அடிபட்டதைத் தேடாமல் விடுவதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்த மான் எங்கோ ஜூனிபர் புதரில் படுத்து எவ்வளவு நேரம் உயிரோடு கிடந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

அப்புறம் காற்று. 3,000 பிஎஸ்ஐ அழுத்தம் வரை காற்றை அடைத்தால் முதல் இரண்டு குண்டு முழு வேகத்தில் போகும், பிறகு ஒவ்வொன்றும் தளர்ந்துகொண்டே வரும். காலையில் பரணில் ஏறும்போது காற்றழுத்தம் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முந்தின நாள் குறி பார்க்கச் சுட்டுவிட்டு நிரப்பாமல் வந்துவிடுபவர்கள் உண்டு. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்து உங்கள் துப்பாக்கியின் மூன்றாவது குண்டு எத்தனை அடியில் போகிறது என்று பாருங்கள், விளம்பரத்தில் போட்ட எண்ணை நம்ப வேண்டாம். காற்று நிரப்பக் கார்பன் ஃபைபர் டாங்க் வைத்திருந்தால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் கொடுக்க வேண்டும், தேதி டாங்க்கிலேயே இருக்கும்.

1803-இல் அமெரிக்காவின் மேற்கை ஆராயக் கிளம்பிய லூயிஸும் கிளார்க்கும் காற்றுத் துப்பாக்கி எடுத்துப் போனார்களே என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. அவர்கள் அதை எடுத்துக் காட்டியது பெரும்பாலும் வழியில் சந்தித்த பழங்குடி மக்களை வியக்க வைக்கத்தான். அதை வைத்து தூரத்தை நியாயப்படுத்த முடியாது.

இன்னொன்று, ஊரில் இருக்கும் தம்பிகளுக்கு வீடியோ அனுப்புகிறவர்களுக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடிய காற்றுத் துப்பாக்கி 20 ஜூலுக்குள், .177 குழலுக்குள்தான். நம்முடைய 215 அடி-பவுண்டே கிட்டத்தட்ட 290 ஜூல். மான் வேட்டைக்கு அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறை. ‘அண்ணே, இங்கேயும் செய்யலாமா’ என்று கேட்டால் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

புதிதாக வருபவர்கள் முதல் சீசன் காட்டுப்பன்றியோடு பழகுங்கள். தனியார் நிலத்தில் நிலக்காரர் சம்மதம் இருந்தால் 2019 முதல் அதற்கு லைசென்ஸ்கூட வேண்டாம். தூரம் அங்கேயும் அதே 50 கஜம்தான். மானுக்குப் போகும்போது சோளம் கொட்டும் ஃபீடரிலிருந்து 40 கஜத்தில் பரணைப் போடுங்கள். தள்ளி நிற்கிறதா, வரும்வரை காத்திருங்கள். வரவில்லையா, இறங்கி வந்துவிடுங்கள்.