சிகரெட்டை விட்டும் மனசு ஒட்டலைன்னா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புகைப்பழக்கத்தை விடுறது பத்தி அடிக்கடி எழுதுறீங்க, நல்ல விஷயம், ஆனா எனக்கு நடந்த மாதிரி ஒண்ணு எங்கயும் படிச்சதில்ல, அதான் எழுதுறேன்.

இருபது வருஷமா பிடிச்ச சிகரெட்டை நாலாவது முயற்சியில விட்டேன். எரிச்சல், தூக்கமின்மை, எதுலயும் மனசு ஒட்டாம போறது எல்லாம் முதல் வாரத்துல உச்சமா இருக்கும், ஒரு மாசத்துல பெரும்பாலும் அடங்கிடும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. எரிச்சல் அடங்கிருச்சு, தூக்கமும் வந்துருச்சு, ஆனா மனசு மட்டும் ஒட்டவே இல்ல. அஞ்சாவது மாசமும் ஆபீஸ்ல ஒரு பக்க லெட்டரை நாலு தடவ படிப்பேன், கடைசி வரிக்கு வர்றதுக்குள்ள முதல் வரி மறந்திருக்கும். "நான் பேசுறத கேக்குறீங்களா, இல்ல தலைய மட்டும் ஆட்டுறீங்களா"ன்னு என் மனைவி கேட்டு அழுதுட்டாங்க. இதுக்கு முன்னாடி மூணு தடவையும் இந்த இடத்துலதான் திரும்ப சிகரெட்டை எடுத்தேன், ஏன்னா ஒண்ணு பிடிச்சா உடனே தலை தெளிஞ்சிடும். எல்லாரும் மன உறுதி பத்தலைன்னு சொன்னாங்க, நானும் அப்படியேதான் நம்பினேன்.

இந்த தடவ மனநல டாக்டர்கிட்ட போனேன். அவங்க சிகரெட்டைப் பத்தி கொஞ்சம்தான் கேட்டாங்க, ஸ்கூல்ல எப்படி இருந்தீங்கன்னுதான் ரொம்ப நேரம் கேட்டாங்க. அம்மா எடுத்து வெச்சிருந்த பழைய ரேங்க் கார்டுல மூணு வகுப்பு, மூணு வேற வேற கையெழுத்து, எல்லாத்துலயும் ஒரே வரி, "புத்திசாலி, கவனம் போதாது". பெரியவங்களுக்கு ஏடிஹெச்டின்னு, அதாவது சின்ன வயசுலயே ஆரம்பிக்கிற கவனக்குறைவுப் பிரச்சினைன்னு, முடிவு பண்ணணும்னா 12 வயசுக்கு முன்னாடியே அறிகுறி சிலது இருந்திருக்கணுமாம். எனக்கு இருந்திருக்கு, யாரும் பேரு வெக்கல, அவ்வளவுதான்.

நிக்கோட்டின் சில நொடியில மூளைக்குப் போயி டோபமைன்ங்கிற ரசாயனத்தைக் கூட்டுது, கவனம் நிக்கிறதுக்கு அது ரொம்ப முக்கியம். இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், ஏடிஹெச்டி இருக்கவங்க மத்தவங்கள விட அதிகமா புகைக்கிறாங்க, விடுறதும் அவங்களுக்கு கஷ்டமா இருக்கு. அதுக்காக சிகரெட்டை மருந்துன்னு யாரும் நினைச்சுடாதீங்க, நுரையீரலையும் இதயத்தையும் அழிக்கிற சாமான் அது. ஏடிஹெச்டிக்குன்னே மெத்தில்ஃபெனிடேட், அடமாக்செட்டின் மாதிரி மருந்து இருக்கு, பிரஷர், இதயம் எல்லாம் பாத்துட்டு டாக்டர்தான் குடுக்கணும். கவனம் சிதறுறதுக்கு தைராய்டு, மனச்சோர்வு, தூக்கக் குறைவும் காரணமா இருக்கலாம், அதையும் பாக்கணும், என்னையும் முதல்ல அதுக்குத்தான் டெஸ்ட் பண்ணாங்க.

நான் கேக்குறது இதான். சிகரெட்டை விட உதவி பண்றவங்க, ரெண்டு மாசம் கழிச்சும் ஒருத்தர் மனசு ஒட்டலைன்னு வந்தா, மன உறுதியைப் பத்தி பேசாம சின்ன வயசுல எப்படி இருந்தீங்கன்னு ஒரு கேள்வி கேளுங்க. இந்தக் கேள்வியை என்கிட்ட முதல் தடவையே கேட்டிருந்தா பல வருஷம் மிஞ்சியிருக்கும். நீங்களும் ஒரு மனநல டாக்டரை வெச்சு இதை விளக்கமா எழுதுங்க, விட்டுட்டு திரும்ப ஆரம்பிச்சவங்க கண்ணுல படுற மாதிரி போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்